அம்மா வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லாதபடி சட்டம் காக்குமா? அயர்லாந்தின் 41.2 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளை பெற்றவள் பணத்துக்காக வேலைக்கு ஓட வேண்டியிருக்கக் கூடாது, அதற்குச் சட்டம் துணை நிற்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழும். பெரும்பாலும் அது வெறும் கருத்துச் சண்டையாகவே முடிந்துவிடும். ஆனால் ஒரு நாடு இதைத் தன் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பார்த்திருக்கிறது. அந்த நாடு அயர்லாந்து. அதனால் அந்த ஒரு நாட்டின் கதையை வைத்தே இங்கே பதில் சொல்கிறேன். மற்ற நாடுகள் தேவைப்படும் இடத்தில் மட்டும் வரும்.

அந்தச் சட்டம் என்னதான் சொல்கிறது?

1937இல் வந்த அயர்லாந்து அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு குடும்பத்தைப் பற்றியது. அதில் 41.2 என்ற உட்பிரிவு இரண்டே வாக்கியம். பெண் வீட்டுக்குள் வாழும் வாழ்க்கையால் நாட்டுக்கு ஒரு பெரிய துணையைத் தருகிறாள், அது இல்லாமல் பொது நன்மை நடக்காது என்பது முதல் வாக்கியம். ஆகவே, வீட்டுக் கடமைகளைக் கைவிட்டுவிட்டு வேலைக்குப் போகும்படி பொருளாதார நெருக்கடி தாய்மாரைத் தள்ளாமல் பார்த்துக்கொள்ள அரசு முயலும் என்பது இரண்டாவது.

முதல் வாக்கியம் எல்லாப் பெண்களையும் பற்றிப் பேசுகிறது, இரண்டாவது தாய்மாரைப் பற்றி மட்டும். பெண் என்றாலே தாய், தாய் என்றாலே வீடு என்ற கணக்கு அப்படியே தெரிகிறது. தகப்பனுக்கு வீட்டில் கடமை உண்டா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

யார் எழுதியது? என்ன நினைத்து எழுதினார்கள்?

அரசியலமைப்பின் பின்னால் இருந்தவர் அன்றைய ஆட்சித் தலைவர் ஏமன் டி வலேரா. பிரிட்டனிடமிருந்து விலகிய புதிய நாட்டுக்குத் தன் கையால் ஒரு அடிப்படைச் சட்டம் செய்ய வேண்டும் என்று நின்றவர். குடும்பம், கல்வி, சொத்து பற்றிய பிரிவுகளில் கத்தோலிக்கச் சிந்தனை நிறைய இருக்கிறது. பிற்பாடு டப்ளின் பேராயரான ஜான் சார்ல்ஸ் மக்வெயிட், ஏசுசபைக் குருவான எட்வர்ட் காஹில் போன்றவர்கள் அவருக்கு யோசனை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

41.2இன் வேரைத் தேடினால் 1931இல் போப் பதினோராம் பத்திநாதர் (பயஸ்) வெளியிட்ட சுற்றுமடலில் போய் முட்டும். தகப்பனின் சம்பளம் போதாமல் தாய் வெளியே வேலைக்குப் போய், பிள்ளை வளர்ப்பும் வீட்டுக் கடமையும் கெடுவது ஒழிக்கப்பட வேண்டிய கொடுமை என்று அது சொன்னது. இதை முழுக்க மோசம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆலை முதலாளிகள் ஆணுக்கு அரைவயிற்றுச் சம்பளம் கொடுத்து, அந்தப் பள்ளத்தை நிரப்பப் பெண்ணையும் பிள்ளையையும் உள்ளே இழுத்த காலத்துக்கு எதிராக எழுந்த குரல் அது. குடும்பம் சாப்பிடும் அளவுக்கு ஒருவர் சம்பளம் இருக்க வேண்டும் என்ற கோரிக்கை அதன் மையம். அயர்லாந்து அந்தக் கோரிக்கையின் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. தாய் வீட்டில் இருக்க வேண்டும் என்ற பாதி வந்தது, சம்பளப் பாதி வரவில்லை.

அந்தக் காலத்துப் பெண்கள் இதை வரவேற்றார்களா?

வீட்டில் இருந்த பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குப் பதிவு குறைவு. அமைப்பாகத் திரண்டவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பட்டதாரிப் பெண்கள் சங்கம் கூட்டம் போட்டது. ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டன் போன்ற பழைய வாக்குரிமைப் போராளிகளும், பெண் தொழிலாளர் சங்கத்தின் லூயி பென்னட்டும் குரல் கொடுத்தார்கள். அவர்களுடைய பயம் கற்பனை கிடையாது. முந்தைய ஆண்டுதான், 1936இல், ஒரு தொழிற்சட்டம் வந்திருந்தது. எந்தெந்தத் தொழிலில் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவிடும் அதிகாரத்தை அமைச்சர் ஷான் லெமாஸுக்கு அது கொடுத்திருந்தது. அதைப் பார்த்த கண்ணோடு 41.2ஐ வாசித்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

அரசியலமைப்பு 1937 ஜூலை 1 வாக்கெடுப்பில் 56.5 சதவீத ஆதரவோடு நிறைவேறி, அந்த ஆண்டு டிசம்பர் 29இல் நடைமுறைக்கு வந்தது.

சரி, சொன்னபடி அரசு தாய்மாருக்குப் பணம் கொடுத்ததா?

நான் இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். பொருளாதார நெருக்கடி தாயை வேலைக்குத் தள்ளக் கூடாது என்றால், அந்த நெருக்கடியைப் போக்கப் பணம் வேண்டும், வீடு வேண்டும், மருத்துவம் வேண்டும், சொத்தில் ஒரு பங்கு வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1944இல் குழந்தைகளுக்கான உதவித்தொகை வந்தது. மூன்றாவது பிள்ளையிலிருந்துதான் கணக்கு. அதைவிட முக்கியம், அந்தப் பணம் தகப்பன் பெயருக்குப் போனது. வீட்டைத் தாங்குபவள் தாய் என்று அரசியலமைப்பில் எழுதி ஏழு ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் அஞ்சலகத்தில் பணம் வாங்கும் உரிமை அப்பாவுக்கு. இது தாய்க்கு மாறியது 1974இல். முப்பது ஆண்டு!

மருத்துவம். சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன் 1950-51இல் தாய்மாருக்கும் பதினாறு வயது வரை பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தார். வருமானக் கணக்குக் கேட்காமல் எல்லோருக்கும். மருத்துவர் சங்கம் எதிர்த்தது. ஆயர்களும் எதிர்த்தார்கள், அரசு குடும்பத்துக்குள் நுழைகிறது என்று. அவர்களில் முன்னால் நின்றவர் அதே மக்வெயிட், அப்போது டப்ளின் பேராயர். திட்டம் கவிழ்ந்தது. பிரவுன் 1951 ஏப்ரலில் பதவி விலகினார்.

சொத்து. கணவன் உயில் எழுதி மனைவிக்கு ஒரு பைசா வைக்காமல் எல்லாவற்றையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற நிலை 1965இல் வாரிசுச் சட்டம் வரும் வரை இருந்தது. மனைவியின் சம்மதம் கேட்காமல் குடியிருக்கும் வீட்டையே விற்கலாம் என்ற நிலை 1976 வரை இருந்தது. வீட்டு வாழ்க்கையைப் போற்றும் நாட்டில், அந்த வீட்டின் மேல் அவளுக்கு இருந்த பிடி இவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள் என்பதால் அந்தப் பெண் வேலை செய்யவில்லை என்று ஆகுமா? 1930களில், 40களில் அயர்லாந்தின் கிராமத்து வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் திட்டமே 1946இல்தான் தொடங்கியது. தண்ணீர் சுமந்து, கோழி மாடு பார்த்து, அடுப்பில் சமைத்து, எட்டுப் பத்துப் பிள்ளை பெற்று வளர்த்தவளை உழைப்பிலிருந்து காத்ததாக யாரும் சொல்ல முடியாது. கூலி கிடைக்கும் உழைப்பிலிருந்து மட்டுமே அவளைக் காத்தார்கள். குழாய்த் தண்ணீருக்காகப் பிற்பாடு போராடியதும் கிராமத்துப் பெண்கள் சங்கம்தான்.

அப்படியானால் அந்தப் பிரிவு பெண்களை வேலையிலிருந்து வெளியேற்றியதா?

நேராக அப்படிச் சொல்லக் கூடாது. கல்யாணமானால் பெண் அரசு வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி 41.2க்கு முன்பே இருந்தது. அரசு ஊழியர்களுக்கு 1920களிலேயே இருந்தது, தொடக்கப்பள்ளி ஆசிரியைகளுக்கு 1934இல் வந்தது. வங்கிகளும் பல தனியார் நிறுவனங்களும் இதையே பின்பற்றின. இதே மாதிரி விதி அந்தக் காலத்தில் பிரிட்டனிலும் வேறு பல நாடுகளிலும் உண்டு. 41.2 அந்த விதியைப் பெற்ற தாய் கிடையாது, இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

வித்தியாசம் என்னவென்றால் அயர்லாந்து அதை விட்டுத்தொலைக்க எடுத்துக்கொண்ட காலம். பிரிட்டன் ஆசிரியைகளுக்கு 1944இலும் அரசு ஊழியர்களுக்கு 1946இலும் அந்த விதியைத் தூக்கியது. அயர்லாந்தில் ஆசிரியைகளுக்கு 1958இல் போனது, அரசு ஊழியர்களுக்கு 1973இல். தெக்லா பியர் தலைமையிலான பெண்கள் நிலை ஆணையம் 1972 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அடுத்த மாதமே அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. சம வேலைக்குச் சம சம்பளம், மணமானவரை ஒதுக்கத் தடை என்று அடுத்தடுத்து வந்த சட்டங்களுக்கு அந்த ஐரோப்பிய அழுத்தமே பெரிய காரணம். 1971 கணக்கெடுப்பில்கூட மணமான பெண்களில் சம்பள வேலை பார்த்தவர்கள் பத்து சதவீதத்தைத் தொடவில்லை.

இந்த விதியால் வெளியேறியவர்களில் பலருக்கு இன்னொரு அடி காத்திருந்தது, ஓய்வூதியத்தில். அதற்குக் கீழே வருகிறேன்.

எல்லாத் தாய்மாருக்கும் அந்தப் பாதுகாப்பு இருந்ததா?

கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவளுக்கு இல்லை. 41ஆம் பிரிவின் குடும்பம் என்றால் திருமணத்தால் உண்டான குடும்பம் என்று உச்ச நீதிமன்றம் 1966இல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அப்படிப்பட்ட பெண்கள் போன இடம் தாய்-சேய் இல்லங்கள். 2021இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கை 18 இல்லங்களை ஆராய்ந்தது. சுமார் 56,000 தாய்மார் அவற்றில் இருந்திருக்கிறார்கள், சுமார் 9,000 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்திய மக்தலேனா சலவைக் கூடங்கள். 1922 முதல் 1996 வரை சுமார் 10,000 பெண்கள் அங்கே சம்பளமில்லாமல் துணி வெளுத்தார்கள். எல்லோரும் தாய்மார் இல்லை, ஆனால் தாய்மாரும் இருந்தார்கள். கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததில் அரசுக்குக் கை இருந்தது என்று 2013 அறிக்கை சொல்கிறது. தாயை உழைப்பிலிருந்து காப்போம் என்று எழுதிய அதே அரசு.

மணமாகாத தாய்க்கென்று தனி உதவித்தொகை வந்தது 1973இல். பிள்ளையைத் தத்துக் கொடுக்காமல் தானே வளர்க்கலாம் என்ற தைரியம் பலருக்கு அதன் பிறகுதான் வந்தது. ஒரு தாயின் வாழ்க்கையில் அந்தச் சிறு தொகை செய்த வேலையை 41.2இன் அழகான வாக்கியம் செய்யவில்லை.

நீதிமன்றங்கள் இந்தப் பிரிவை எப்படிப் பயன்படுத்தின?

நான்கு வழக்குகளைச் சொன்னால் போதும்.

1984இல் ஒரு கணவர் வழக்குப் போட்டார். மனைவி விட்டுவிட்டுப் போய்விட்டார், பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறேன், கைவிடப்பட்ட மனைவிக்குத் தரும் உதவித்தொகையை எனக்கும் தாருங்கள் என்றார். உயர் நீதிமன்றம் மறுத்தது. பெண்களுக்கு மட்டும் தருவது தவறில்லை என்பதற்கு 41.2ஐத் துணைக்கு எடுத்துக்கொண்டது. இப்படியாகப் பிள்ளை வளர்த்த ஒரு ஆளுக்கு உதவி கிடைக்காமல் போக அந்தப் பிரிவு பயன்பட்டது.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். வீட்டுக்குப் பணம் போடாமல், பல ஆண்டு வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்ட ஒரு மனைவி, குடியிருக்கும் வீட்டில் பங்கு கேட்டார். உயர் நீதிமன்ற நீதிபதி பார் (Barr) என்பவர் 41.2ஐ அடிப்படையாக வைத்துப் பாதிப் பங்கு கொடுத்தார். வீட்டு உழைப்பு நாட்டுக்கே துணை என்று அரசியலமைப்பு சொல்கிறதே, அப்படியானால் வீட்டில் பங்கு இல்லாமலா என்பது அவர் வாதம். எனக்கு அது நேர்மையான வாசிப்பாகப் படுகிறது. உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இல்லாத உரிமையை நீதிபதி உண்டாக்க முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்றது.

சரி என்று நாடாளுமன்றம் 1993இல் சட்டம் இயற்றியது. குடியிருக்கும் வீடு தானாகவே கணவன், மனைவி இருவருக்கும் கூட்டுச் சொத்தாகும் என்ற சட்டம். கையெழுத்துப் போடும் முன் குடியரசுத் தலைவர் மேரி ராபின்சன் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1994 ஜனவரியில் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. காரணம், வீடு யார் பெயரில் என்று கணவனும் மனைவியும் ஏற்கெனவே பேசி எடுத்த முடிவில் அரசு தலையிடுகிறதாம், அது 41ஆம் பிரிவு தரும் குடும்ப உரிமைக்கு எதிராம். ஆக, தாயைப் போற்றும் பிரிவே தாய்க்குப் பங்கு தரும் சட்டத்தைச் சாய்த்தது.

பிற்கால நீதிபதிகள் கொஞ்சம் மாறினார்கள். வீட்டில் பெண்ணின் பங்கை மதிப்பதால் மற்ற வேலைகளிலிருந்து அவளை விலக்குவதாக அர்த்தமில்லை என்று 2001இல் நீதிபதி சூசன் டென்ஹாம் எழுதினார்.

அப்படியானால் அது முழுக்க வெற்றுப் பேச்சா? ஒன்றுமே கிடைக்கவில்லையா?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அரசியலில் அதற்கு ஒரு எடை இருந்தது. 1999 டிசம்பர் நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் சார்லி மக்ரீவி, கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கும் குடும்பத்துக்குச் சாதகமாக வருமான வரியை மாற்றினார். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் குடும்பங்கள் கொதித்தன. வீட்டில் இருக்கும் தாயை அரசியலமைப்பே மதிக்கிறது, நீ வரி போட்டு விரட்டுகிறாயா என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. சில நாட்களிலேயே வீட்டுப் பராமரிப்பாளருக்கு ஒரு வரிச் சலுகையை அறிவித்தார். அது இன்றும் இருக்கிறது, 2025இல் ஆண்டுக்கு 1,950 யூரோ. ஒன்றைக் கவனியுங்கள்: அது சம்பாதிக்கும் துணையின் வரியில் கழியும் தொகை. வீட்டில் இருப்பவர் கைக்கு நேராக வருவது கிடையாது.

ஓய்வூதியத்தில் 1994 ஏப்ரலில் ஒரு திட்டம் வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வேலையை விட்டிருந்த ஆண்டுகளை, இருபது ஆண்டு வரை, ஓய்வூதியக் கணக்கில் குறையாக எடுக்க மாட்டார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் 1994க்கு முந்தைய ஆண்டுகளுக்கு அது பொருந்தாது. கல்யாணமானதும் வேலையை விடு என்று அரசே வெளியே அனுப்பிய தலைமுறை அதற்குள் வராது! அந்தப் பாட்டிகள் அறுபத்தைந்து வயதில் குறைந்த ஓய்வூதியத்தோடு நின்றார்கள். 2018இலிருந்து அறிவித்த மாற்றங்களால்தான் இந்தக் குறை ஓரளவு சரியானது.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாரை இதே அரசு வேலைக்கு அனுப்பியதாமே?

உண்மை. பொருளாதார நெருக்கடிக் காலத்தில், 2012 தொடங்கிப் படிப்படியாக, ஒற்றைப் பெற்றோர் உதவித்தொகைக்குக் கடைசிப் பிள்ளையின் வயது வரம்பைக் குறைத்தார்கள். 2015 ஜூலையில் அது ஏழு வயதானது. அதற்கு மேல் பிள்ளை உள்ளவர்கள் வேறு திட்டத்துக்குப் போக வேண்டும், வேலையை நோக்கி நகர வேண்டும். காசு இல்லாத குறையைச் சொல்லித் தாய்மாரை வேலைக்குத் தள்ளக் கூடாது என்று அரசியலமைப்பு சொல்லிக்கொண்டிருந்த அதே நேரம். குழந்தைகள் காப்பகக் கட்டணமோ ஐரோப்பாவிலேயே உயர்ந்த வரிசையில் இருந்தது.

2024இல் இதை நீக்க வாக்கெடுப்பு நடந்ததே, ஏன் தோற்றது? மக்கள் பெண் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்களா?

அப்படி வாசிப்பது அவசரம். முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2013இல் அரசியலமைப்பு மாநாடும், 2021இல் பாலினச் சமத்துவத்துக்கான குடிமக்கள் அவையும் 41.2ஐ மாற்றச் சொன்னார்கள். இரண்டுமே வெறுமனே நீக்கச் சொல்லவில்லை. ஆண் பெண் பேதமில்லாமல் பராமரிப்பு வேலையை மதிக்கும் பிரிவாக்கச் சொன்னார்கள். குடிமக்கள் அவை ஒரு படி மேலே போனது: வீட்டிலும் வெளியிலும் நடக்கும் பராமரிப்புக்கு அரசு நியாயமான நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதச் சொன்னது.

அரசு கொண்டுவந்த வரைவில் அந்தக் கட்டாயம் காணாமல் போயிருந்தது. குடும்பத்தினர் ஒருவருக்கொருவர் தரும் பராமரிப்பை மதிக்கிறோம், அதற்குத் துணைசெய்யப் பாடுபடுவோம் என்று மட்டும் இருந்தது. மாற்றுத்திறனாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இதைப் பார்த்துக் கொதித்தார்கள். எல்லாப் பாரத்தையும் குடும்பத்தின் தலையில் கட்டிவிட்டு அரசு நழுவுகிறது என்றார்கள். மாற்றுத்திறனாளி மகனின் தகப்பனான செனட்டர் டாம் குளோனன் இந்த வாதத்தைத் தொடர்ந்து வைத்தார். ஏழைகளுக்குச் சட்ட உதவி தரும் அமைப்பொன்றும் இந்த வரைவு வேண்டாம் என்றது. அப்போதைய பிரதமர் லியோ வரத்கர் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பராமரிப்பு பெரும்பாலும் குடும்பத்தின் பொறுப்பு என்ற பொருளில் பேசியது எரியும் தீயில் எண்ணெய் ஊற்றியது. வாக்கெடுப்புக்கு முன்பு அரசுத் தலைமை வழக்கறிஞரின் ஆலோசனைக் கடிதமும் கசிந்தது.

2024 மார்ச் 8, உலக மகளிர் தினத்தன்று வாக்கெடுப்பு. 73.9 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அயர்லாந்து வாக்கெடுப்பு வரலாற்றில் இவ்வளவு பெரிய மறுப்பு முன்பு வந்ததில்லை. வாக்களித்தவர்கள் 44 சதவீதம்.

அந்த 73.9க்குள் பல கூட்டம் கலந்திருந்தது. தாய் என்ற சொல் அரசியலமைப்பில் இருக்கட்டும் என்றவர்கள் உண்டு. இந்த வரைவு போதாது என்றவர்கள் உண்டு. அரசின் மேல் கோபம் இருந்தவர்களும் உண்டு. என் கணிப்பில் அரசு தோற்றதற்குக் காரணம், ஒரு வெற்று வாக்குறுதியை எடுத்துவிட்டு இன்னொரு வெற்று வாக்குறுதியை வைக்கப் பார்த்தது. முந்தையது பழசானாலும் தாய்க்குப் பொருளாதார நெருக்கடி வரக் கூடாது என்றாவது சொன்னது. புதியது பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இந்திய அரசியலமைப்பு அயர்லாந்திடமிருந்து நிறைய எடுத்ததே, இதையும் எடுத்ததா?

எடுக்கவில்லை. அரசின் வழிகாட்டு நெறிகள் என்ற யோசனையே நமக்கு அயர்லாந்தின் 45ஆம் பிரிவிலிருந்து வந்தது. அரசியலமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் 1947இல் டப்ளின் போய் டி வலேராவைப் பார்த்தும் வந்தார். ஆனால் 41.2 போன்ற ஒன்று இந்திய வரைவில் நுழையவில்லை.

அதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. அயர்லாந்தின் 45ஆம் பிரிவில், பொருளாதார நெருக்கடியால் குடிமக்கள் தங்கள் பாலினம், வயது, உடல்வலிமை ஆகியவற்றுக்குப் பொருந்தாத தொழிலுக்குத் தள்ளப்படக் கூடாது என்று இருக்கிறது. நம்முடைய 39ஆம் பிரிவில் இதே வாக்கியம் கிட்டத்தட்ட அப்படியே வருகிறது, பாலினம் என்ற சொல் மட்டும் கிடையாது. வயதும் வலிமையும் இருக்கின்றன. அதே 39இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்றும் எழுதினார்கள். 42இல் பேறுகால உதவிக்கு வழிசெய்யச் சொன்னார்கள். பெண் செய்யக் கூடாத வேலை என்று ஒரு பட்டியல் போடும் கதவை மூடி, பிள்ளை பெறும் காலத்துக்கு உதவி கேட்கும் கதவைத் திறந்தார்கள். வழிகாட்டு நெறிகளை வைத்து வழக்குப் போட முடியாது என்பது வேறு விஷயம், ஆனால் 1961இன் மகப்பேறு நலச் சட்டமும் 2017இல் 26 வாரமாக உயர்ந்த விடுப்பும் அந்த வழியில் வந்தவை. கட்டட வேலையிலும் வயலிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் பெண்களுக்கு அந்த 26 வாரம் எட்டவில்லை.

வேலைக்குப் போகாத தாய்க்கு நேராகப் பணம் கொடுத்துப் பார்த்த நாடு இருக்கிறதா?

இருக்கிறது. பின்லாந்தில் 1985இலிருந்து சின்னப் பிள்ளையை நகராட்சிக் காப்பகத்தில் விடாமல் வீட்டில் வளர்க்கும் பெற்றோருக்கு உதவித்தொகை உண்டு. அங்கே காப்பக இடமும் உரிமையாகக் கிடைக்கும், அதனால் எது வேண்டும் என்று குடும்பம் தேர்ந்தெடுக்கலாம். ஜெர்மனி 2013இல் மாதம் 100 யூரோ, பிறகு 150 யூரோ என்று கொடுத்தது. எதிர்த்தவர்கள் அதற்கு அடுப்படிப் பரிசு என்று பட்டப்பெயர் வைத்தார்கள். 2015இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது, அது மாநிலங்களின் அதிகாரம், மத்திய அரசுக்கு இல்லை என்று.

தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகை இந்த வகையைச் சேர்ந்ததா?

பாதி சேரும். 2023 செப்டம்பர் 15இல் தொடங்கிய அந்தத் திட்டம், குடும்பத் தலைவிகள் வீட்டில் செய்யும் கூலியில்லாத உழைப்புக்கு ஒரு அங்கீகாரம் என்றுதான் அறிமுகமானது. மாதம் ஆயிரம் ரூபாய், நேராக அவரவர் வங்கிக் கணக்கில். வருமான வரம்பு உண்டு. ஆனால் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, வயல் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் உண்டு. ஆயிரம் ரூபாய் யாரையும் வேலைக்குப் போகாமல் காப்பாற்றாது என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் 1944இல் அயர்லாந்து அப்பா கையில் கொடுத்த பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு எழுதினார். கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கலந்திருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்றார். அயர்லாந்தில் நீதிபதி பார் சொன்னதும் இதுதான். அவருக்குக் கையில் ஒரு அரசியலமைப்புப் பிரிவு இருந்தும் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

வீட்டில் இருக்க விரும்பும் தாயை மட்டம் தட்டுகிறீர்களா?

இல்லவே இல்லை. கைக்குழந்தையை ஆறு மாதத்தில் இன்னொருவரிடம் விட்டுவிட்டு அழுதுகொண்டே பேருந்து ஏறும் பெண்ணைப் பார்த்து முன்னேற்றம் என்று கைதட்ட என்னால் முடியாது. பணம் இருக்கும் வீட்டுப் பெண் நினைத்தால் ஐந்து வருடம் வீட்டில் இருக்கலாம். நெசவாலையில் நிற்பவளுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அந்த இடைவெளியைச் சட்டம் குறைக்கலாம், குறைக்க வேண்டும்.

ஆனால் பணம் யார் பெயரில் வருகிறது, சொத்து யார் பெயரில் இருக்கிறது, பிள்ளை வளர்ந்தபின் பழைய வேலை திரும்பக் கிடைக்குமா, வயதான காலத்தில் ஓய்வூதியம் குறையுமா என்ற நான்கு கேள்விக்கும் பதில் எழுதாத சட்டத்தை நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன். அயர்லாந்து எழுதியது ஐந்தாவது ஒன்றை: அவளுடைய இடம் எது என்பதை.

அப்பாக்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

எண்பது ஆண்டு வரவே இல்லை. அயர்லாந்தில் உதவித்தொகையுடன் கூடிய தந்தைமை விடுப்பு 2016இல் வந்தது, இரண்டு வாரம். தாய்க்குப் பேறுகால விடுப்பு 26 வாரம் உதவித்தொகையோடு, அதற்கு மேல் 16 வாரம் அது இல்லாமல். இப்போது பெற்றோர் இருவருக்கும் தனித்தனியாக ஒன்பது வாரம் கூடுதல் விடுப்பு உண்டு. தகப்பன் எடுக்காவிட்டால் அது தாய்க்குப் போகாது, காலாவதியாகிவிடும். வீட்டில் பெற்றோராக ஆண் செய்யும் பங்கையும் 41.2 மறைமுகமாக மதிக்கிறது என்று 2002இல் நீதிபதி முர்ரே ஒரு விவாகரத்து வழக்கில் எழுதினார். பிரிவின் எழுத்து மட்டும் 1937இல் இருந்தபடியே இருக்கிறது.